காது மெஷினில் பாட்டு: டெமோவில் மாட்டிய டோம்தான் கைக்கு வருகிறதா என்று பாருங்கள்

ஹியரிங் எய்டு வாங்கப் போகிறவர்கள், அதிலும் பாட்டு கேட்காமல் இருக்க முடியாதவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "இனி இயர்பட்ஸே வேண்டாம் சார், இதிலேயே புளூடூத் இருக்கு, பாட்டு அப்படியே காதுக்குள்ள இறங்கும்" என்று சொல்லி என்னிடம் ஒரு ஜோடி விற்றார்கள். இறங்குவதென்னவோ பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் சத்தம்தான். பேச்சு நன்றாகக் கேட்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். பாட்டில்தான் பேஸ், அதாவது அடித்தொனி, இல்லவே இல்லை. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று வருகிறது. அடித்தொனி தரும் இடப்பக்கத் தொப்பியில் கை விழுகிறதா என்றே தெரியவில்லை.

கருவி பழுதில்லை. நடந்தது வேறு.

டெமோ அன்று காதுக்குள் வைத்தது ஓட்டையில்லாத, காதை இறுக்கி அடைக்கும் சிலிகோன் டோம், அதாவது மெஷினின் காதுக்குள் போகும் நுனியில் மாட்டும் உறை. அவர்கள் போனிலிருந்து, அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டு, சத்தமும் தாராளம். பிரமாதமாக இருந்தது. டெலிவரி அன்று மாட்டிவிட்டது சுற்றிலும் துளைகள் உள்ள ஓபன் டோம். மாற்றியதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இரண்டும் பார்க்கச் சின்னச் சின்ன ரப்பர் குடைகள், கண்ணாடி போட்டுப் பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் பாட்டுக்கு அந்தத் துளைதான் எல்லாம். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியில் பெரும்பகுதி ஓபன் டோம் வழியாக வெளியே கசிந்துவிடும், செவிப்பறைக்குப் போய்ச் சேராது. ஆண் குரலின் அடிப்படைச் சுருதியே ஏறக்குறைய 100-லிருந்து 200 ஹெர்ட்ஸ்தான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இவையெல்லாம் காதுக்குள் தங்க வேண்டுமானால் காது அடைபட்டிருக்க வேண்டும். இயர்பட்ஸ் அதைத்தான் செய்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எனக்கு ஓபன் டோம் போட்டது தப்பான முடிவு இல்லை. என் ஆடியோகிராமில், அதாவது காது பரிசோதனை வரைபடத்தில், கீழ் அலைவரிசைகள் நன்றாகவே இருக்கின்றன, மேலேதான் சரிவு. அப்படிப்பட்டவர்களுக்குக் காதை அடைத்தால் சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். அதனால் திறந்துவிடுவார்கள். என் புகார், ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்ததும், "பாட்டில் பேஸ் போய்விடும்" என்ற ஒரு வரியை விழுங்கியதும்தான்.

போய்க் கேட்டபோது முதல் பதில்: "மூளை பழகணும் சார், பொறுங்க." பல வருஷமாகக் கேட்காத ஒலிகள் திடீரென்று கேட்கும்போது மூளை பழக நாளாகும் என்பது உண்மை. ஆனால் செவிப்பறைக்கே வராத ஒலியை மூளை எங்கிருந்து எடுத்துப் பழகும்? பாதி உண்மையை வைத்து வாயை அடைக்கும் இந்த உத்திதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்.

இரண்டாவது பதில்: "இதைவிட உயர்ந்த மாடலுக்கு மாறிடுங்க." இங்கே ரொம்ப உஷாராக இருங்கள். ஒரே வரிசையில் வரும் மாடல்களில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரிசீவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், ஒன்றேதான். கூடுதல் பணம் இரைச்சல் குறைப்பு போன்ற மென்பொருள் வசதிகளுக்குப் போகிறது. துளையுள்ள டோமோடு எந்த மாடலை வாங்கினாலும் பேஸ் கசியத்தான் செய்யும்.

போன் விஷயத்திலும் "எல்லா போனிலும் ஓடும்" என்றார்கள். ஓடும், எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டில் ஹியரிங் எய்டுகளுக்கென்று கூகுள் 2018-இல் அறிவித்த ஆஷா முறை, ஜி.722 என்ற கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்து அனுப்புகிறது. மாதிரி எண்ணிக்கையில் பாதி வரைதான் அலைவரிசை பிடிபடும், எனவே கணக்குப்படி 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வந்து சேர வழியில்லை. பேச்சுக்கு அது தாராளம். ஜால்ராவின் மினுமினுப்புக்குப் போதாது. சிடியில் 44,100 மாதிரிகள். ஆக எனக்குக் கீழே டோம் வெட்டியது, மேலே கோடெக் வெட்டியது. 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையும் அதன் எல்சி3 கோடெக்கும் இதைவிட மேல். ஆனால் போன், கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் போன், உங்களுக்கு மனப்பாடமான பாட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகப் போகும் அதே டோம், இந்த மூன்றும் இல்லாத டெமோவுக்குத் தலையாட்டாதீர்கள். அதே பாட்டை உடனே இயர்பட்ஸிலும் கேளுங்கள், சத்தத்தைச் சமமாக வைத்து. சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும், விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சோதனைக் காலம் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் பில்லிலேயே இருக்கட்டும். பாட்டுக்கென்று அடைத்த டோம் ஒரு ஜோடி கேட்டு வாங்கலாம், ஆனால் டோம் மாறினால் செட்டிங்கும் மாற வேண்டும். கருவியைச் செட் செய்யும் ஆடியாலஜிஸ்டிடம் அதற்கென்று தனி புரோகிராம் போடச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமிங்கின்போது வெளி மைக் திறந்தே இருந்தால் மின்விசிறிச் சத்தமும் பாட்டோடு கலக்கும். ஆப்பில் அதைக் குறைத்தாலே கொஞ்சம் தெளியும்.

இதைப் படித்துவிட்டு மெஷினைத் தூக்கிப் போட்டு இயர்பட்ஸுக்கு ஓட வேண்டாம். ஆப்பிளின் இயர்பட்ஸான ஏர்பாட்ஸ் ப்ரோ 2-இன் ஹியரிங் எய்டு வசதிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது 18 வயதுக்கு மேல், லேசானது முதல் மிதமானது வரையிலான குறைபாட்டுக்கு மட்டுமே. பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்காது. கேட்கவில்லையே என்று சாதாரண இயர்பட்ஸில் சத்தத்தை ஏற்றுவது இருப்பதையும் கெடுக்கும்; உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

நான் இப்போது பேச்சுக்கு மெஷின், பாட்டுக்கு இயர்பட்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, ஆடியோகிராமை ஏற்றினால் அதற்கேற்ப ஹெட்போன் ஒலியைத் திருத்தித் தரும் வசதி 2020-லிருந்து இருக்கிறது. கடைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டோமை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பதோடு நிற்கிறார்கள். டெமோவில் போட்ட டோம் எது என்பதைப் பில்லில் எழுதி வாங்கியவர் யாராவது இருந்தால், எந்த வாசகத்தில் எழுதினார்கள் என்று சொல்லுங்கள்.