‘ஆன்டிக்’ என்று எழுதி ஆறு சரம் மணியை இழந்தோம்: வெளிநாட்டு ஏலத்தில் விற்பவர்கள் கவனத்துக்கு

கையால் செய்த மணி, மாலை, சுடுமண் நகை இதையெல்லாம் இணைய ஏலத்தில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்களும் விற்கலாமென்று யோசிக்கிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்களுக்குப் போனது 186 டாலர். 2023 ஐப்பசியில் அது 15,000 ரூபாய்க்கு மேல். தபால் செலவு தனி. பணத்தைவிட எனக்கு வலிப்பது அந்த 240 மணிகள். நாலு பெண்களின் ஒரு மாத உழைப்பு அது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். நான், என் நாத்தனார், தெருவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சுடுமண் மணி செய்கிறோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் வருஷத்துக்கான மண்ணைச் சேர்த்து வைத்துவிடுவோம். காவிரி வண்டலுக்கு ஒரு குணம் உண்டு. எதை அழுத்தினாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்க மெழுகின் மேல் பூசுவதும் இந்த வண்டலைத்தான். நாங்கள் அதை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிசைந்து, உருட்டி, தென்னை ஈர்க்கால் துளை போட்டு நிழலில் காயவைப்போம். சுட்டு முடிகிற நேரத்தில் உமியைக் கொட்டிக் காற்றுப் போகாமல் மூடிப் புகையவிட்டால் மணி கறுப்பாகும். அந்தக் கறுப்பு மணிக்குத்தான் கிராக்கி.

சரத்துக்கு ஒரு மணியில் மட்டும் ஈரம் காய்வதற்குள் ஒரு சீரகச் சம்பா நெல்லை வைத்து அழுத்தி எடுத்துவிடுவோம். நெல்லின் மேலிருக்கும் வரிகூட மண்ணில் பதிந்திருக்கும். அது எங்கள் அடையாளம். நாத்தனார் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம். கடைசியில் அதுதான் எங்களுக்குச் சாட்சியாக வந்தது.

அண்ணன் மகன்தான் ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். விற்கிறவர் ஆரம்ப விலை வைத்து, எத்தனை நாள் என்று சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். எதிராளி கூட்டக் கூட்டத் தளமே அவருக்காக அந்த எல்லை வரை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் விலை எகிறும். முதல் ஏழெட்டு ஏலங்களில் சரம் 8 டாலர், 10 டாலர் என்று நல்லபடியாகவே போனது.

பொருளைப் பற்றிய குறிப்பை நான்தான் எழுதினேன். பி.காம் படித்தவள், ஆங்கிலம் எழுத வரும். நான் எழுதியது நம் ஊர் ஆங்கிலம். அதில் தப்பு எதுவும் இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. நமக்குள் எல்லோருக்கும் புரிகிற ஆங்கிலம்தான் அது. ஆனால் அதைப் படிப்பவர் அமெரிக்காவில் இருக்கிறார்.

அந்த ஆறு சரத்துக்கு நான் கொடுத்த தலைப்பில் ‘ஆன்டிக் பீட்ஸ்’ என்று போட்டேன். நம் நகைக்கடைக்குப் போய் ‘ஆன்டிக் செட் காட்டுங்க’ என்றால் என்ன எடுத்து வைப்பார்கள்? மங்கலான மெருகு கொடுத்து, கோயில் நகை மாதிரி செய்த புது நகையை. நம் ஊரில் ஆன்டிக் என்பது ஒரு பாணியின் பெயர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது வயசைச் சொல்லும் சொல். நூறு வருஷம் தாண்டிய பொருளைத்தான் அங்கே பொதுவாக அப்படிச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாது.

குறிப்பின் கடைசி வரியாக, எல்லாப் பொருளுக்கும் எழுதுகிற மாதிரி, ‘இஃப் எனி டவுட், கைண்ட்லி ரிவர்ட்’ என்று முடித்தேன். பள்ளிக்கூடத்தில் ‘மிஸ், ஒரு டவுட்’ என்று கை தூக்கியே வளர்ந்தவர்கள் நாம். நமக்கு டவுட் என்றால் கேள்வி. தமிழில் சந்தேகம் கேட்பது என்கிறோமே, அதுதான். ரிவர்ட் என்றால் பதில் எழுதுங்கள் என்று அர்த்தம். எல்லா ஆபீஸ் கடிதத்திலும் வருவது. அமெரிக்கர் காதில் டவுட் என்பது நம்பிக்கையில்லாமை. ரிவர்ட் என்பது பழைய நிலைக்கே திரும்புவது. அப்படியானால் என் வரிக்கு என்ன அர்த்தம் வரும் என்று நீங்களே சேர்த்துப் பாருங்கள்.

ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அமெரிக்காவிலிருந்து ஒருவர் கேள்வி அனுப்பினார். இந்த மணிகளுக்கு எவ்வளவு வயது என்று ஒரே ஒரு வரி. நான் பதில் போட்டேன்: ‘வெரி ஓல்ட் வொர்க். வீ ஆர் டூயிங் திஸ் சின்ஸ் மெனி இயர்ஸ். நோ டவுட்.’ பழைய தொழில், ரொம்ப வருஷமாகச் செய்துகொண்டு வருகிறோம், யோசிக்க வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் கையில் போய்ச் சேர்ந்தது வேறு. மிகப் பழைய வேலைப்பாடு, சந்தேகமே இல்லை என்று விற்கிறவரே எழுத்தில் கொடுத்த உறுதிமொழி. அவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

ஏலத்தின் கடைசி நிமிஷங்களில் 52 டாலரில் இருந்த விலை 186-க்குப் போனது. எங்கள் வீட்டில் அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. இப்போது யோசித்தால், அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். புதிதாகச் சுட்ட மண்மணிக்கு யாரும் சரத்துக்கு 31 டாலர் கொடுக்க மாட்டார்கள். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணத்தோடு கேட்கிறவருக்கு எந்த விலையும் ஒன்றுதான். அந்தக் கணக்கில் முன்பு வாங்கியதற்கான மதிப்பீடு ஒன்றுகூட இல்லை. அதையும் பார்த்தோம். பார்த்துவிட்டுப் புதியவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாளே புகார். சொன்னபடி பொருள் இல்லை, பழையது என்றார்கள், புதுசு வந்திருக்கிறது. ஆதாரமாக மூன்று படங்கள்: என் தலைப்பு, என் பதில், அப்புறம் அந்தக் கடைசி வரி. சந்தேகம் வந்தால் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்று விற்பனையாளரே எழுதியிருக்கிறார் என்று அதற்கு அவர் விளக்கம் வேறு கொடுத்திருந்தார். நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அதுவும் அதே ஆங்கிலத்தில். தளத்தின் விதி எளிமையானது: சொன்னபடி பொருள் இல்லை என்றால் திரும்பி வரும் தபால் செலவு விற்றவருடையது. கட்டினால் பொருள் வரும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் பணம் வாங்கியவருக்கு, பொருளும் அவரிடமே. திரும்பி வரும் செலவு மணி விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும் என்று தெரிந்தது. கட்டலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்ததில் நாள் கடந்துபோனது.

சரி, புரியாமல் நடந்த தகராறு, தப்பு என் பேரில் என்று நானே மனசைத் தேற்றிக்கொண்டேன். மார்கழியில் ஒரு நாள் அண்ணன் மகன் போனை நீட்டினான். “அத்தை, இதைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க.” வேறொரு பெயரில், அதே தளத்தில் ஆறு சரம் மணி. சோழர் காலத்தது, காவிரிக் கழிமுகத்தில் கிடைத்தது, விலை 480 டாலர். பின்னால் தெரிவது எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம். நான் எடுத்த படத்தையே போட்டிருந்தார்கள். நெருக்கத்தில் எடுத்த நாலாவது படம் மட்டும் அவர்கள் எடுத்தது. அதில் இடது ஓரத்து மணியில் சீரகச் சம்பாவின் தடம், வரி வரியாக. நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயதைக் கேட்டு வந்த அந்த ஒற்றை வரி தெரியாமல் கேட்டதல்ல. நம் ஆங்கிலம் எப்படிப் பதில் சொல்லும் என்று தெரிந்தவர் கேட்டது. பழைய இந்திய மணிகளுக்கு வெளிநாட்டில் தனிச் சந்தை உண்டு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் தோண்டியதிலிருந்து அந்தப் பெயரை மணி சேர்க்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அங்கே பேர்போனது கண்ணாடி மணி, மண்மணி அல்ல. ஆனாலும் தமிழ்நாடு, கடற்கரை, காவிரி என்றாலே பழமைக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. நம்மிடம் ‘ஆன்டிக்’ என்று எழுதி வாங்கி, நம்மிடமே பணத்தையும் திரும்ப வாங்கி, நம் பொருளை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்கள். தளத்தில் புகார் கொடுத்தோம். நாலு நாளில் அந்த விற்பனை காணாமல் போனது. இரண்டு வாரத்தில் இன்னொரு பெயரில் வந்தது. 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரும் பதிந்து வைத்திருக்கிறேன். ஆள் வெளிநாடு, பணம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நடந்தது எங்காவது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பலரும் யோசிப்பதில்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பார்சலின் சுங்கச் சீட்டில் நீங்களே ‘ஆன்டிக்’ என்று எழுதினால், போன மாசம் சுட்ட மணிக்கும் இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் கேட்டு நிறுத்திவைக்கலாம். பாணியைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் ‘பழைய பாணியில் புதிதாகச் செய்தது’ என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘நியூ’ என்ற சொல் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எனக்கு இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கியவர் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒரு அம்மா. எங்களிடம் இரண்டு முறை வாங்கியவர். முதல் தடவை அவர் மதிப்பீட்டில் ‘கொய்ட் நைஸ்’ என்று எழுதியிருந்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வீட்டில் கேசரி கிண்டினோம். அமெரிக்கர் எழுதியிருந்தால் அந்த அர்த்தம் சரி. இங்கிலாந்துக்காரர் அப்படிச் சொன்னால் பரவாயில்லை ரகம்தான் என்று அவரே பிற்பாடு தயக்கத்தோடு சொன்னார். துளை ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்ததாம், நூல் அறுந்ததாம். அது தெரிந்த பிறகுதான் ஈர்க்கை உருவியதும் துளை வாயை ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தோம். நல்ல மனசோடு சொல்கிறவர் சொல்லும் புரியாமல் போகிறது, கெட்ட எண்ணத்தோடு கேட்பவர் கேள்வியும் புரியாமல் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அவரும் நானும் என் பழைய குறிப்புகளை வரி வரியாகப் பார்த்தோம். ‘ஹோம்லி’ என்று எழுதியிருந்தேன், வீட்டில் செய்தது என்ற நினைப்பில். கல்யாண விளம்பரத்தில் நமக்கு அது நல்ல சொல். இங்கிலாந்தில் வீடு போல இதமானது என்று அர்த்தம். அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் பார்க்க லட்சணமில்லை என்று அர்த்தம். ‘சீப் அண்ட் பெஸ்ட்’ என்பதையும் எடுக்கச் சொன்னார். அங்கே சீப் என்றால் மட்டமான சரக்கு, விலை மட்டும் குறைந்ததல்ல. தேதியை எண்ணில் எழுதாதீர்கள். 10/9 அன்று அனுப்புகிறோம் என்று நான் செப்டம்பர் 10-ஐ நினைத்து எழுத, அமெரிக்க அம்மா ஒருவர் அக்டோபர் 9 என்று படித்து, அவ்வளவு நாள் ஆகுமா என்று வாங்கியதையே ரத்து செய்துவிட்டார். அங்கே மாதம் முன்னால் வரும். ‘ஃபோர்ட்நைட்’ என்றாலும் அமெரிக்கர் பலருக்கு விளங்காது, இரண்டு வாரம் என்று எழுதிவிடுங்கள். லட்சம், கோடி அங்கே கிடையாது. அளவைப் பெரியது, சின்னது என்று சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். மணியின் விட்டம், துளையின் விட்டம் இரண்டும் வேண்டும். பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள்.

கேள்வி வந்தால் உடனே பதில் போடாதீர்கள். என்ன கேட்கிறார், இதை எதற்குக் கேட்கிறார், என் பதிலை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் எப்படிப் படிக்கும் என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் இப்போது வயது கேட்டால் ஒரே பதில்தான் போடுகிறேன்: இந்த மணிகள் புதியவை, இந்த வருஷம் இந்த மாதம் செய்தவை. ‘டவுட்’ என்ற இடத்தில் ‘கொஸ்டின்’, ‘ரிவர்ட்’ என்ற இடத்தில் ‘ரிப்ளை’. விலை ஏறுவது இதனால் குறைந்துவிட்டது, உண்மைதான். சரம் 9 டாலரைத் தாண்டுவதில்லை. புகார் ஒன்றுகூட வரவில்லை.

திரும்பி வரும் தபால் செலவை விலையோடு சேர்த்து முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் வீட்டில் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே முடிவெடுங்கள். அந்தச் செலவைக் கட்டியிருந்தால் மணியாவது கைக்கு வந்திருக்கும், இன்னொருவரை ஏமாற்ற அது பயன்பட்டிருக்காது.

கடைசியாக ஒரு உதவி. வெளிநாட்டில் உங்களுக்கு யாராவது இருந்தால், மணி சேர்க்கிறவர்களோடு பழக்கம் இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள். பித்தளைத் தாம்பாளத்தில் வைத்த ஆறு சரம் கறுப்பு மண்மணி, 10 மில்லிமீட்டர், சரத்துக்கு 40, அதில் ஒன்றில் நெல் பதிந்த குழி. சோழர் காலம் என்று யார் எந்தப் பெயரில் விற்றாலும் அது 2023 ஆவணியில் எங்கள் கொல்லையில் சுட்டது. நெல் பதித்தது என் நாத்தனார்.