ஓடிபியை கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர எந்த வழி தேவலை?

எழும்பூரிலிருந்து நெல்லைக்கு ஸ்லீப்பர் தட்கல் போட 11 மணிக்கு வேளச்சேரி வீட்டில் லேப்டாப்போடு உட்காருவேன், போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். 2025 ஜூலை 15 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் ஓடிபியும் வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்து, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து தட்டுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். சரி, ஆட்டோமேட் செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. மெசேஜ் ஃபார்வர்டிங்கை ஆன் செய்தால் சஃபாரியில் ஓடிபி கட்டத்தைத் தொட்டதும் எண் தானாக வந்து நிற்கும், 2018 முதலே இருக்கிற வசதி.

ஆன்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸின் வெப் பக்கம் எளிது. ஒரு க்யூஆர் ஸ்கேன், அவ்வளவுதான். ஆனால் எண்ணைத் தேடி காப்பி செய்வது நம் கையால்தான், அதோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்து போனால் அடுத்து உட்காருபவர் நம் எஸ்எம்எஸ் முழுவதையும் படிக்கலாம். விண்டோஸ்காரர்களுக்கு இதைவிட வசதி, போனை கம்ப்யூட்டரோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் போன் லிங்க் ஆப்: திரை ஓரத்தில் மெசேஜ் எட்டிப் பார்க்கும்போதே காப்பி பட்டனும் வரும், அமுக்கி ஒட்டினால் முடிந்தது.

போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் ஆப் எனக்குப் பிடித்தது, ஓப்பன் சோர்ஸ், ஒரே வைஃபைக்குள் நேராகப் பேசும், நடுவில் யாருடைய சர்வரும் இல்லை. ஆனால் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் அதுவும் போச்சு. அப்புறம் ஆன்ட்ராய்டு 15 வந்தபின் ஓடிபி நோட்டிஃபிகேஷனை இதுபோன்ற ஆப்களுக்குக் காட்டாமல் மறைக்கிறது. எரிச்சல்தான், ஆனாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

ஏனென்றால் எஸ்எம்எஸ்ஸை மெயிலுக்கோ டெலிகிராமுக்கோ தள்ளிவிடும் ஃபார்வர்டர் ஆப்கள் இருக்கின்றனவே, வேலை கச்சிதமாக நடக்கும், ஆனால் நம் எஸ்எம்எஸ் மொத்தத்தையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். மோசடிக்காரர்கள் போனில் ஏற்றச் சொல்லும் ஏபிகே (ஆன்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) பலவும் செய்வது இதையேதான். தயவுசெய்து தொடாதீர்கள். ஏற்கனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

நான் தட்கலுக்கு போன் லிங்க்கை வைத்துக்கொண்டேன். பேங்க் வேலை என்றால் அதைத் துண்டித்துவிடுகிறேன்: பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒரே திரையில் வந்தால், லேப்டாப்புக்குள் எவனாவது புகுந்தால் அவனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். அந்த ஆறு எண்ணை மட்டும் ஹாலுக்கு நடந்துபோய்ப் பார்த்துத் தட்டுகிறேன், அதற்கு 11 மணி அவசரமும் இல்லை.