ஏர் ஃபிரையரா, குவாலியா? கோழிக்கு ஒரு பதில், அடைக்கு வேறு பதில்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான் போன்ற செம்பனை சூழ்ந்த ஊர்களில் கோழி பொரிக்க எண்ணெய் பஞ்சமில்லை. மானிய விலையில் 1 கிலோ பாக்கெட் 2.50 ரிங்கிட்தான். ஆகவே ஏர் ஃபிரையர் வாங்கினால் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்பது இங்கே பெரிய காரணமே இல்லை. கேட்க வேண்டியது வேறு: எந்தப் பண்டம் அதில் நன்றாக வரும், எது வராது? மேல்பரப்பில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஏர் ஃபிரையருக்குள் நடப்பது பொரிப்பதே அல்ல. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்குப் பக்கத்தில் விசிறி. சூடான காற்று வேகமாகச் சுழன்று, முதலில் மேல் ஈரத்தை உலர்த்தும். உலர்ந்த பிறகுதான் நிறம் ஏறும். குவாலியில், அதாவது பொரிக்கும் வாணலியில், 175 டிகிரி எண்ணெய் துண்டை நாலாபக்கமும் தொட்டுக்கொண்டு இருப்பதால் மாவு போட்ட சில நொடிகளிலேயே இறுகிவிடும். அதே சூட்டுக் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது.

தோலோடு உள்ள தொடை, கால் துண்டுகளுக்கு ஏர் ஃபிரையர் தயங்காமல் பயன்படுத்தலாம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பே உருகி அதை மொறுமொறுப்பாக்கும். 5 லிட்டர் கூடைக்கு 800 கிராம், ஆறு துண்டுகள், ஒரே அடுக்கு. எலும்பு வரை இரண்டு மூன்று கீறல் போடுங்கள். உப்பு 1½ தேக்கரண்டி, மஞ்சள் ½ தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் 1½ மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது அதே அளவு, செராய் (எலுமிச்சைப் புல்) 2 தண்டு இடித்துப் பிழிந்த சாறு, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறட்டும். கடைசி அரை மணி மூடாமல் வைத்தால் தோல் நன்றாக உலரும். அரிசி மாவு 2 மேசைக்கரண்டியும் எண்ணெய் 1½ மேசைக்கரண்டியும் கூடையில் வைக்கும் முன்புதான் பிசைய வேண்டும். முன்கூட்டியே போட்டால் மாவு ஊறிக் களியாகிவிடும்.

வெற்றுக் கூடையை 5 நிமிடம் சூடாக்கி, தோல் கீழே இருக்கும்படி அடுக்கி 180 டிகிரியில் 14 நிமிடம். திருப்பிப் போட்டு 200 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம். எலும்பை ஒட்டிய இடத்தில் குறைந்தது 74 டிகிரி காட்ட வேண்டும்; தொடைக்கு 82 வரை போனால்தான் சதை எலும்பை விட்டு லேசாகக் கழன்று வரும். எலும்போரம் சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை நிறம் கசிவதும் உண்டு, வெப்பமானி சொல்வதை நம்புங்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். வெள்ளை வெள்ளையாக மாவுத் திட்டு நின்றால் அங்கே எண்ணெய் சேரவில்லை என்று பொருள். திருப்பும்போது தூரிகையால் தொட்டுவிட்டால் சரியாகும். புகை வந்தால் கீழ்த்தட்டில் சொட்டிய கொழுப்பு கருகுகிறது; தொடங்கும்போதே அங்கே 2 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி வையுங்கள். கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாஸ்), தேன் போன்றவற்றைக் கடைசி 2 நிமிடத்துக்கு முன் பூசினால் கோழி வேகும் முன் சர்க்கரை கருகிக் கசக்கும். தோல் நீக்கிய நெஞ்சுச் சதையை இதில் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நிறம் ஏறுவதற்குள் உள்ளே பஞ்சு மாதிரி வறண்டுவிடும்.

ஆனால் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கும் ஆயாம் கோரெங் பெரெம்பாவை, அதாவது மசாலாப் பொரித்த கோழியை, எதிர்பார்த்து ஏர் ஃபிரையரைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்தக் கோழியின் உயிரே மேலே தூவி வரும் மசாலாத் துகள்களில் இருக்கிறது. இடித்த லெங்குவாஸ் (சித்தரத்தை வகைக் கிழங்கு), செராய், கறிவேப்பிலை எல்லாம் எண்ணெயில் பிரிந்து, மிதந்து, பொரிந்து வருபவை அவை. காற்றில் அவை தோலோடு ஒட்டி உலர்ந்துபோகும். கறிவேப்பிலை நிலைமை இன்னும் மோசம்: விசிறி அதை மேலே தூக்கிச் சூட்டுக் கம்பியில் ஒட்டவைக்கும், ஐந்தாம் நிமிடமே கருகல் வாடை வீசும். முட்டையும் சோளமாவும் கரைத்துத் தோய்க்கும் கோழியும் குவாலிக்கே சொந்தம். கூடையில் அந்த மாவு இறுகும் முன்பே ஓட்டை வழியாக வழிந்துவிடும்.

குவாலியில் பொரிக்க 700 மில்லி எண்ணெய் போதும். ஒரு முறைக்கு 500 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போட்டால் சூடு 150க்கு இறங்கி, கோழி எண்ணெய் குடிக்கும். ஒரு ஈடுக்கு 10 முதல் 12 நிமிடம். தீபாவளிக்கு 2 கிலோ பொரிக்க வேண்டுமென்றால் இதுவே வேகம். ஏர் ஃபிரையரில் அதே அளவுக்கு மூன்று சுற்று, ஒரு மணி நேரத்துக்கு மேல். நாலு பேர் இருக்கும் வீட்டின் சாதாரண இரவுச் சாப்பாட்டுக்கு, அடுப்பருகே நிற்காமல் முடியும் ஏர் ஃபிரையர் கோழிதான் எங்கள் தேர்வு.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய தோட்ட வீடுகளில் ஒரே பிளக்கிலிருந்து நீட்டிப்பு வயர் போட்டு எல்லாவற்றையும் மாட்டுவார்கள். 1500 வாட் ஏர் ஃபிரையரும் 2200 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இழுக்கும். அந்த பிளக் தாங்குவது 13தான். தனிச் சுவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள்.

அடைக்கு வருவோம். ஏர் ஃபிரையரில் அடை சுடலாம் என்று கேள்விப்பட்டு முயல்பவர்கள், 18 செண்டிமீட்டர் தகரத் தட்டைச் சூடாக்கி, எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை ஊற்றி, 200 டிகிரியில் 8 நிமிடமும் திருப்பி 4 நிமிடமும் வைக்கிறார்கள். வெந்துவிடும், உண்மைதான். ஆனால் ஓரம் கட்டை, நடுவில் ரொட்டி. தோசைக்கல்லின் சூடு அடியிலிருந்து நேராக மாவுக்குள் ஏறி, நீராவி மேலே கிளம்பித் துளை துளையாக விரியும். இங்கே சூடு மேலிருந்து இறங்குவதால் மேல்தோல் முதலில் இறுகி, ஆவி உள்ளேயே அடைபடுகிறது. தண்ணீர் பதமான மாவு என்றால் விசிறிக் காற்றில் அலையலையாகச் சுருங்கியும் போகும். காகிதம் விரித்து மாவு ஊற்றாமல் முன்சூடு செய்தால் காகிதம் பறந்து கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும். அதைச் செய்யவே கூடாது.

கல்லில் சுட இரண்டு மாவுகளில் எது? பருப்பு அடைக்குப் பச்சரிசி 2 கப், கடலைப் பருப்பு ½, துவரம் பருப்பு ½, உளுந்து ¼, காய்ந்த மிளகாய் 6, சோம்பு 1 தேக்கரண்டி. மூன்று மணி நேரம் ஊறவைத்து ரவைப் பதத்தில் அரைக்க வேண்டும். மையாக அரைத்தால் மொறுமொறுப்பு போகும். நம் ஊர் வெக்கையில் இரவு முழுதும் வெளியே வைத்தால் புளித்துவிடும், அரைத்த ஒரு மணிக்குள் சுடுங்கள். நேரமில்லாத நாளுக்கு ஆட்டா மாவு 1 கப், அரிசி மாவு ¼, முட்டை 1, தண்ணீர் 1¼ கப், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வறுத்த இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) 2 மேசைக்கரண்டி. கரைத்து 15 நிமிடம் விட்டால் மாவு தண்ணீரைக் குடித்துக் கட்டி கலையும். நெத்திலியில் உப்பு இருப்பதால் தனி உப்பு ¼ தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ருசியில் பருப்பு அடைக்கு இது ஈடில்லை, வேலைநாள் பசியாறைக்கு மட்டும் போதும்.

மிதமான தீயில் நடுவில் துளையிட்டு எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் 3 நிமிடம், மறுபக்கம் 2. கோழியைக் கூடையில் வைத்ததும் கல்லைப் போட்டால் கோழி வேகும் நேரத்தில் நாலு அடை தயார். மிஞ்சிய அடையை மறுநாள் சூடாக்க மட்டும் ஏர் ஃபிரையருக்கே போகலாம்: தண்ணீர் லேசாகத் தெளித்து, 180 டிகிரியில் 3 நிமிடம். மைக்ரோவேவில் சவசவ என்று ஆகிற அடை இதில் ஓரம் மொறுமொறுவென்று திரும்பிவிடும்.