குடியிருப்பு வளாகத்தின் பருவ மடல்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் வீட்டு உரிமையாளர் சங்கம், ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இரண்டு பக்கச் செய்தி மடல் ஒன்றை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்து வருகிறது. மழைக்கு முன் ஒன்று, குளிருக்கு முன் ஒன்று, கோடைக்கு முன் ஒன்று என்று வரும் இந்த மடலைப் பல ஆண்டுகளாகப் படித்தும், அதில் சொல்லியபடி செய்தும், சில பருவங்களில் அதைத் தயாரிக்கும் வேலையில் கைகொடுத்தும் வந்திருக்கிறேன். வீடு வாங்க வருபவர்கள் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். குடிவந்து சில பருவங்கள் கழிந்த பின் உண்மையில் எது பயன்பட்டது என்று கேட்டால், நான் தயங்காமல் இந்த மடலைத்தான் சொல்வேன். அக்கம்பக்கத்தாரோடு எனக்கு இன்று இருக்கும் பழக்கத்தில் பெரும்பகுதி இந்தத் தாளில் வந்த ஏதோ ஒரு வரியிலிருந்து தொடங்கியதுதான்.

முன்பு சங்கத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் தடை அறிவிப்புகளும் பராமரிப்புக் கட்டண நினைவூட்டல்களுமே. அறிவிப்புப் பலகையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மடலின் அமைப்பு வேறு. சங்கம் தன் பொறுப்பில் என்னென்ன வேலைகளை எந்தத் தேதிக்குள் முடிக்கப் போகிறது, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், யாருக்கு என்ன உதவி தேவைப்படுகிறது என்ற மூன்றையும் அது இந்த வரிசையிலேயே சொல்கிறது. நிர்வாகக் குழு முதலில் தன் கடமையைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுவிடுவதால், அடுத்துக் குடியிருப்பவர்களிடம் கேட்கும் காரியத்தைச் செய்ய மனம் இசைகிறது. மற்ற சங்கங்கள் இதில் ஒன்றையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மழைக்கால மடல்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதன் முதல் பத்தி எப்போதும் மொட்டை மாடியைப் பற்றியது. கோடை முழுவதும் உதிர்ந்த சருகும், மராமத்து வேலையில் சிந்திய சிமென்ட் துகளும், காற்றில் பறந்து வந்த நெகிழித் தாளும் மழைநீர்க் குழாயின் வாயில் வந்து சேர்கின்றன. கையளவுச் சருகு போதும், அந்த வாய் அடைத்துக்கொள்ள. 100 சதுர மீட்டர் பரப்புள்ள மாடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 10 டன். இந்தக் கணக்கை மடலில் அச்சிட்ட பிறகு, மாடியைச் சுத்தம் செய்ய ஆள் வரவில்லையே என்று காத்திருந்த வழக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு கட்டடத்திலும் நான்கைந்து பேர் துடைப்பத்தோடு மேலே ஏறி, குழாய் வாயைத் துப்புரவாக்கி, தட்டையான மூடி இருந்த இடங்களில் கூம்பு வடிவச் சல்லடை மூடியைப் பொருத்துகிறார்கள். தட்டை மூடியின் மேல் ஓர் இலை படுத்தாலே நீர் நின்றுவிடும். கூம்பு மூடியில் அடிப்பகுதி அடைத்தாலும் மேல் துளைகள் வழியாக நீர் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுத் தொடங்க இந்த வேலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எதிரும் புதிருமாகக் கதவு இருந்தும் பெயர்கூடத் தெரியாமல் இருந்த இருவர், அங்கே குனிந்து சருகு அள்ளியபோதுதான் முதன்முதலில் பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் அண்டை வீட்டாரிடையே மனக்கசப்பை உண்டாக்குவதில் முதலிடம், சுவரிலும் கூரையிலும் ஊறும் ஈரமான ஓதத்துக்கு உண்டு. கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிந்தவுடன் மேல்வீட்டுக் குளியலறைமேல் பழி விழுகிறது. மேல்வீட்டார் வெளிச்சுவரைக் காட்டுகிறார்கள். பிளம்பர் வந்து தளத்தை உடைக்கச் சொல்கிறார். இதற்காக மடலில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அருகில் தேதியை எழுதி வைக்க வேண்டும். மழை பெய்யும்போது மட்டும் கறை கோட்டைத் தாண்டி வளர்ந்து, வெயில் அடித்தபின் காய்ந்தால், நீர் பெரும்பாலும் வெளிச்சுவரிலிருந்தோ மாடியிலிருந்தோ வருகிறது. மழையே இல்லாத நாட்களிலும் ஈரம் மாறாமல் இருந்தால் குழாயையோ குளியலறைத் தளத்தையோ சந்தேகிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு அம்மா இப்படிக் கோடு போட்டு வைத்துவிட்டு, சில வாரங்கள் பொறுத்து, மேலே ஏறி வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “மழை விட்டதும் கறை காஞ்சுடுச்சு தம்பி. உங்க வீட்டுக் குழாய் இல்ல. வெளிச்சுவத்துல எங்கயோ விரிசல் இருக்கு, சங்கத்துல சொல்லுவோம்.” இருவரும் சேர்ந்தே கடிதம் எழுதினோம். விரிசல் அடைக்கப்பட்டது. தளம் உடைபடவில்லை, பேச்சும் முறியவில்லை.

மின்சாரத்தைப் பற்றிய குறிப்புகளும் பயனுள்ளவை. ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்; அழுத்தியும் அது மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். தண்ணீர் புகும் நிலை வந்தால் லிப்டை மேல்தளத்தில் நிறுத்தி மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதையும், லிப்ட் குழிதான் கட்டடத்தின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று என்பதையும் இந்த மடல் மூலமே பலர் தெரிந்துகொண்டார்கள். இப்போது அந்தப் பொறுப்பு இரவுக் காவலருக்கு எழுத்துமூலம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கொசுவைப் பற்றி மடல் எழுதியதுதான் வளாகத்தின் பழக்கத்தை உண்மையில் மாற்றியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரின் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி நீர் ஏறி நனைத்தவுடன் பொரிக்கும். எனவே பூந்தொட்டித் தட்டில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற வெப்பமான காலத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கழுவினால் சுழற்சி அறுபடும். இந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதையும் மடல் சேர்த்துச் சொன்னது. வளாகத்துக்குள் கடிக்கும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வளாகத்துக்குள்ளோ அதை ஒட்டியோ பிறந்ததுதான் என்று தெரிந்ததும், புகையடிக்கும் வண்டி ஏன் வரவில்லை என்ற புகார் குறைந்து, பூட்டிக்கிடக்கும் வீடுகளின் பால்கனியை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் தங்கள் சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைக்கும் ஏற்பாடு அப்படித்தான் வந்தது. சாவி கைமாறும்போது இரு குடும்பங்களுக்கிடையே ஒரு பொறுப்பும் கைமாறுகிறது. பிறகு மின்கட்டணம் கட்டுவது முதல் வயதான பெற்றோரை விசாரிப்பது வரை அது விரிந்துகொண்டே போகிறது.

குளிர்கால மடல் சிறியது. பொழுது சீக்கிரம் சாய்வதால் நடைபாதை விளக்குகளைச் சரிபார்ப்பது, மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ இயக்கினால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்ற எச்சரிக்கை, சருகைக் கொளுத்தாமல் உரக்குழியில் இட வேண்டும் என்ற வேண்டுகோள். அவ்வளவுதான்.

கோடை மடலை நான் கூடுதல் அக்கறையோடு படிக்கிறேன். மேல்நிலைத் தொட்டியும் சம்ப்பும் எந்த நாளில் கழுவப்படும், அன்று எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கழுவிக் கிருமிநீக்கம் செய்தபின் எஞ்சிய குளோரின் அளவை அளந்து எழுதுகிறார்கள். குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழிந்தபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும், குழாய் முனையில் 0.2க்குக் குறையக் கூடாது என்பது அளவுகோல். மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றியும் இதில்தான் வருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர். மழைக்காலத்தில் துடைப்பம் பிடித்தவர்கள் இந்த வரியைப் படிக்கும்போது தாங்கள் செய்த வேலையின் அளவை அறிகிறார்கள்.

ஆனால் அக்கறைக்குக் காரணம் தண்ணீர் மட்டும் அல்ல. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியாக வாழ்ந்தவர்களும் அன்றாடம் வீட்டைவிட்டு வெளியே செல்லாதவர்களும்தான் கூடுதல் ஆபத்தில் இருந்தார்கள் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. எங்கள் வளாகத்திலும் பிள்ளைகள் தொலைவில் இருக்க, தனியே வாழும் முதியோர் இருக்கிறார்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைகிறது; உடம்பு நீரிழந்திருப்பது அவர்களுக்கே தெரியாமல் போகலாம். அதனால் வெப்பம் கூடும் நாட்களில் காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை அழைப்புமணியை அழுத்தி விசாரிக்கும் தன்னார்வலர்களைக் கோடை மடல் கேட்கிறது. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்ற விவரத்தை மட்டும் அச்சிடுவதில்லை. அது தளத்துக்கு ஒருவரிடம் கையெழுத்துப் பட்டியலாக இருக்கிறது. ஒப்புக்கொண்ட முதியவர்களின் பெயர்தான் அதில் இருக்கும். இந்தக் கட்டுப்பாடு மிகச் சரியானது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் விவரம் தவறான கைக்குப் போனால் அதுவே ஆபத்தாகிவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு நிர்வாகக் குழுவின் பதவிக் காலத்தில் மழை மடல் மழை தொடங்கிய பிறகே வந்தது. அந்த ஆண்டு தரைக்கீழ்த் தளத்தில் நீர் ஏறி மோட்டார் மூழ்கியது. சம்ப்பில் வெளிநீர் கலந்தது. பல நாள் தண்ணீருக்கு அலைந்தோம். பிந்தி வந்த மடல் வராத மடலுக்குச் சமம். அதன் பிறகுதான் ஒவ்வொரு மடலுக்கும் வெளியீட்டுத் தேதியைப் பொதுக்குழு முன்கூட்டியே நிர்ணயிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதே கூட்டத்தில் கணக்கைப் பற்றியும் கேள்வி எழுந்தது. லிப்ட் கம்பிவடம், மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சு, வெளிச்சுவர் வண்ணம் போன்ற பெருஞ்செலவுகளுக்கு மாதாந்தரக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியாக ஒதுக்கி வைப்பதுதான் முறை. அந்த நிதியின் இருப்பு எவ்வளவு, அதிலிருந்து எதற்கு எடுக்கப்பட்டது என்பது இப்போது மடலின் பின்பக்கத்தில் வருகிறது. அது வரத் தொடங்கியபின் கட்டண உயர்வைப் பற்றிய வாக்குவாதங்கள் சந்தேகத்தில் தொடங்குவதில்லை, எண்ணில் தொடங்குகின்றன, விரைவிலும் முடிகின்றன.

இன்னும் சரிசெய்யப்படாதவை இரண்டு. மடல் உரிமையாளர்களை நோக்கியே எழுதப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் அதே ஓதம், அதே கொசு, அதே வெயில். ஆனால் பூட்டிய வீட்டின் உரிமையாளருக்குத் தபாலில் போகும் மடல், சில கட்டடங்களில் வாடகைக் குடும்பத்தின் கதவுக்கு வருவதில்லை. பொதுக்குழுவில் வாக்குரிமை யாருக்கு என்பது விதிகளைச் சார்ந்தது. மழை வரப்போகிறது என்ற செய்தியைப் பெற எந்த விதியும் தேவையில்லை. மற்றொன்று, காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் தோட்டக்காரருக்கும் உரிய பகுதி. வெயில் உச்சத்தில் வெளிவேலை நிறுத்தப்பட வேண்டிய நேரம், அவர்கள் அமர நிழலிடம், குடிநீர் வைக்கும் இடம் ஆகியவற்றை மடல் இதுவரை எழுதியதே இல்லை. மடலில் தேதியோடு எழுதப்பட்டவைதான் எங்கள் வளாகத்தில் நடக்கின்றன என்பதை இத்தனை பருவங்களில் கண்டுவிட்டதால், இந்த இரண்டையும் வரும் பொதுக்குழுவில் தீர்மானமாக முன்மொழிந்திருக்கிறேன். கீழ்வீட்டு அம்மா வழிமொழிந்து கையெழுத்திட்டிருக்கிறார்.