பாரிஸ் புறநகரில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? கதவு சாத்திக்கொள்ளும் முன் இதைப் படித்துவிடுங்கள்

1,364 யூரோ. நம் காசுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அம்மாவும் நானும் போய்வர எடுத்த விமான டிக்கெட் இரண்டையும் கூட்டினால்கூட இதைவிடக் கொஞ்சம் குறைவுதான். இவ்வளவையும் கொடுத்து நாங்கள் வாங்கியது ஒரே ஒரு வேலை: சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டது. பூட்டிய கதவுகூட இல்லை, வெறுமனே சாத்திக்கொண்ட கதவு. 2025 ஏப்ரலில் நடந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். போன வாரம் தோழி ஒருத்தி "அண்ணன் வீட்டுக்குப் போறேன், பாரிஸ் பக்கத்துல ஏதோ ஒரு ஊராம், ரொம்ப அமைதியா இருக்குமாம்" என்றதும் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

அக்கா இருப்பது சோ என்ற ஊரில். பிரெஞ்சில் எழுதும்போது ஆறு எழுத்து, வாயில் வருவது ஒன்றே ஒன்று. பாரிஸுக்குத் தெற்கே, ஆர்ஈஆர் பி என்ற புறநகர் ரயிலில் போக வேண்டும். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: பூர்-லா-ரென் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும், ரோபின்சோன் போகும் வண்டியில் ஏறினால்தான் சோ நிலையம் வரும். முதல் நாளே மாற்றி ஏறிவிட்டுத் திரும்பி வந்தோம், அது தனிக்கதை. அந்த வருடம் ஜனவரியிலிருந்து புறநகர் ரயில் டிக்கெட் எவ்வளவு தூரமானாலும் 2.50 யூரோ என்று ஆக்கியிருந்தார்கள் (விமான நிலையத்துக்கு மட்டும் தனியாக 13 யூரோ), அதனால் தப்பாக ஏறினோமே என்று அம்மா அவ்வளவாகத் திட்டவில்லை.

ஊர் என்னவோ நிஜமாகவே அழகு. லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேருக்காக, வெர்சாய் தோட்டத்தை அமைத்த அதே லெ நோத்ர் வடிவமைத்த பூங்கா அங்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவில் செர்ரி மரங்கள் ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் இன்னொரு பக்கம் வெள்ளையாகவும் பூத்துத் தள்ளுகின்றன, ஜனங்கள் பாய் விரித்து மரத்தடியில் சாப்பிடுகிறார்கள். மேரி கியூரிக்கு 1895-இல் கல்யாணம் நடந்தது இந்த ஊர் நகராட்சி மன்றத்தில்தான். 1995-இல் பாரிஸில் நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் பந்தியோன் மண்டபத்துக்கு மாற்றும் வரை அவரும் கணவரும் புதைக்கப்பட்டிருந்ததும் இதே ஊர்க் கல்லறையில். அக்கா சொன்னதும் அம்மாவுக்கு ஊர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மாலை ஏழு மணிக்குத் தெருவில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். பாரிஸ் என்றால் பிக்பாக்கெட், மெட்ரோவில் பையை முன்பக்கம் மாட்டு, ஐஃபல் கோபுரத்தடியில் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் பேசாதே என்று ஆளாளுக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம், நகரத்துக்குள் ஒரு பைசா போகவில்லை. போனது இந்த அமைதியான ஊரில், வீட்டு வாசலில்.

ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மாமாவும் முதல் நாளே லில் நகரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், இரவுதான் திரும்புவார்கள். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் நம்மூர்க் கடையில் வாங்கி வந்த பருப்பும் முருங்கைக்காயும் இருந்தது, சாம்பார் வைத்தோம். தாளித்ததும் மிளகாய் நெடி வீடெல்லாம் பரவ, கூரையில் இருக்கும் புகைக் கருவி கத்திவிடுமோ என்று பயந்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். அப்புறம் குப்பையைக் கீழே போட்டுவிட்டு வரலாம் என்று கையில் போனோடு வெளியே வந்தேன். மஞ்சள் மூடித் தொட்டியில் எதைப் போடுவது என்று அம்மா பின்னாலேயே கேட்டுக்கொண்டு வாசல் தாண்டி வந்தார். ஜன்னல் காற்று ஒரு இழு இழுத்தது. டமார்.

அங்கே பல வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் பிடி கிடையாது என்பதைப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே இருப்பது ஒரு குமிழ், அது இழுக்க மட்டும்தான். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. சாவி உள்பக்கம் பூட்டிலேயே செருகியிருந்தால் பல பூட்டுகளில் வெளியே மாற்றுச் சாவி வைத்திருந்தும் பயனில்லை. எங்கள் சாவி உள்ளே, பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் சாம்பார் சிம்மில் கொதித்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. மாமா போன் அணைந்திருந்தது. எதிர்வீட்டு மணியை அழுத்தினால் ஆளில்லை. ஞாயிறு மதியம் ஊதான் தெருக் கடைகளும் மூடிக்கிடக்கும், யாரிடம் போய்க் கேட்பது? அம்மா நைட்டியில், மேலே ஒரு துண்டோடு, "அடியே, சாம்பார் அடிப்பிடிக்கும்டி, வீடு தீப்பிடிக்கும்டி" என்று புலம்பத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் கீழே தபால் பெட்டி வரிசைக்கு மேலே செருகியிருந்த அட்டை ஞாபகம் வந்தது.

இந்த அட்டையைப் பற்றித்தான் நான் எழுத வந்ததே. ஓரத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு பட்டை. மேலே ஆம்புலன்ஸ் 15, போலீஸ் 17, தீயணைப்பு 18, அதற்குக் கீழே நகராட்சி எண், அதற்குக் கீழே ஒரே வரிசையில் குழாய் வேலை, மின் வேலை, பூட்டு வேலை என்று எண்கள். பார்க்கிறவர்களுக்கு நகராட்சியே அச்சடித்துக் கொடுத்தது போலத்தான் இருக்கும். நிஜத்தில் மேலே இருக்கும் மூன்று நான்கு எண்கள் மட்டும் அரசாங்கத்துடையவை, கீழே உள்ளவை எல்லாம் எவனோ ஒரு தனியார் ஆளுக்குப் போகும் எண்கள். உண்மையைப் பொய்க்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் அமைதியாக, நம்பகமாக இருக்கிறதே என்று அட்டையையும் நம்பிவிட்டேன்.

போனில் ஒரு பெண், நல்ல ஆங்கிலம். "69 யூரோவிலிருந்து ஆரம்பம் மேடம், 25 நிமிடத்தில் ஆள் வருவார்." அந்த "இலிருந்து" என்ற சொல் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும், வேனில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான், தோளால் தள்ளிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். இது மூன்று இடத்தில் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கதவாம், சாதாரணமாகத் திறக்க வராதாம், சிலிண்டரை, அதாவது பூட்டுக்குள் சாவி நுழையும் உருளையை, துளை போட்டு எடுத்துப் புதிது போடவேண்டுமாம். சாவியே திருப்பவில்லையே, சாத்திக்கொண்டது மட்டும்தானே என்று கேட்டேன். "ஆமாம், ஆனால் இந்த மாடல் அப்படி" என்றான். உள்ளே அடுப்பு எரிகிறது என்று நான் வாய் விட்டது பெரிய தப்பு. அதற்கப்புறம் "அடுப்பு, மேடம், அடுப்பு" என்று நிமிடத்துக்கு ஒருமுறை அவனே ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிட்டான்.

கையடக்க டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். முழுக்கப் பிரெஞ்சு. தொகையைக் கேட்டேன், "வேலை முடிந்ததும் சரியாகச் சொல்கிறேன், இது வேலை தொடங்க அனுமதி மட்டும்" என்றான். போட்டேன். அக்கா பின்னால் படித்துச் சொன்னாள், நான் போட்டது அனுமதிக்கு இல்லை, முழு விலைப்பட்டியலுக்கு. அதோடு, அவசரமாக நானே கேட்டுக்கொண்டேன், அதனால் பின்வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் ஒரு வரி இருந்ததாம்.

பத்து நிமிடம் துளை போடும் சத்தம். மேரி கியூரி வந்துபோன ஊரே எழுந்திருக்கும், ஒரு கதவும் திறக்கவில்லை. வீடு திறந்தது, நான் அடுப்பை அணைக்க ஓடினேன், சாம்பார் கரியாகியிருந்தது. திரும்பி வந்தால் கதவில் புது சிலிண்டர், மூன்று சாவி, பழைய சிலிண்டர் அவன் பைக்குள். பில்: வந்துபோக 90, திறப்பதற்கு 350, சிலிண்டர் 620, ஞாயிறு கூடுதல் 180, மேலே பத்து சதவீத வரி 124. மொத்தம்தான் நான் முதலில் சொன்னது.

69 என்றீர்களே என்றேன். "அது ஆரம்பம்" என்று சிரித்தான். வாசற்படியிலேயே நின்றான், போகவில்லை. கோபப்படவில்லை, மிரட்டவில்லை, சும்மா நின்றான். அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. என் பயண அட்டையில் 900 இருந்தது, மீதி 464-ஐ அம்மா அட்டையில் தேய்த்தேன். அவன் போகும்போது நல்ல ஞாயிறாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வேறு போனான்.

அடுத்த அரை மணியில் எதிர்வீட்டுப் பாட்டி பூங்காவிலிருந்து திரும்பினார். தரையில் உலோகத் துகள், புதுப் பூட்டு, அம்மா முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவந்தார். அவர் முழங்காலுடையது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அதை நுழைத்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே கதவை ஒரு உதை உதைப்பது போல நடித்துக் காட்டினார். சாவி திருப்பாமல் சாத்திக்கொண்ட கதவுக்கு அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இதுதானாம். ஒழுங்கான பூட்டுக்காரனும் முதலில் இதைத்தான் செய்வானாம், துளை போடுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

இரவு அக்கா வந்தாள். என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டு இன்சூரன்ஸில் இருபத்து நாலு மணி நேர உதவி எண் இருக்கிறதாம், சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் அவர்களே ஆளனுப்புவார்களாம். அந்த எண் எங்கே இருந்தது தெரியுமா? ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. உள்ளே. "அடுப்பு எரியுதுன்னா 18-க்கே அடிச்சிருக்கலாமே, தீ ஆபத்துன்னா வருவாங்க" என்றாள் அக்கா. வெறும் சாவி மறந்ததற்கு அவர்கள் வரமாட்டார்கள், ஆனால் எங்கள் விஷயம் அப்படி இல்லையே. எனக்கு அது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை அக்கா வேறொரு கடையில் விசாரித்தாள். ஞாயிறாக இருந்தாலும் 200-க்கு மேல் வாங்கியிருக்க மாட்டேன் என்றாராம் அந்தக் கடைக்காரர். கதவில் இருந்த சிலிண்டரைப் பார்த்துவிட்டு, இது நாற்பது யூரோ சரக்கு என்றாராம்.

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து வீட்டுப் பழுது வேலைக்கு வருகிறவர் வேலை தொடங்கும் முன் தொகை போட்ட எழுத்து மூலமான விலைப்பட்டியல் தந்தே ஆகவேண்டும், சின்னத் தொகையானாலும் சரி. வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அவசர வேலைக்கு விலக்கு உண்டு, ஆனால் அவசரத்துக்குக் கண்டிப்பாகத் தேவையான வேலை வரைக்கும்தான் அந்த விலக்கு. புது சிலிண்டர் தேவையே இல்லை என்று அக்கா பதிவுத் தபாலில் கடிதம் எழுதினாள். பில்லில் இருந்த முகவரி பல கம்பெனிகளுக்குத் தபால் வாங்கித் தரும் ஓர் அலுவலகம், கடிதம் யாரும் வாங்காமல் திரும்பி வந்தது. என் வங்கியில் முறையிட்டேன், நீங்களே பின் எண்ணை அழுத்தியிருக்கிறீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அரசாங்கத்தின் சின்யால் கோன்சோ தளத்தில் அக்கா புகார் பதிந்திருக்கிறாள், காசு வாங்காமல் சமரசம் பேசிவைக்கும் நீதித்துறை ஆள் ஒருவரிடம் நேரம் கேட்டிருக்கிறாள். காசு திரும்பும் என்று நான் நம்பவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போய் இறங்கிய அன்றே வீட்டுக்காரர்களின் இன்சூரன்ஸ் உதவி எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறதா என்று கேளுங்கள், குப்பை போடத்தானே போகிறோம் என்று சாவியை உள்ளே விட்டுப் போகாதீர்கள். தபால் பெட்டி அட்டையை எடுத்துக் கிழித்தே போட்டுவிடுங்கள். அப்படியும் ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால், போனிலேயே "சாத்திக்கொண்ட கதவு, பூட்டவில்லை, மொத்தம் எவ்வளவு" என்று கேட்டு அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். துளைக் கருவியை வெளியே எடுத்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், வந்ததற்கு ஏதாவது கேட்டாலும் அது 1,364 ஆகாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள், எங்களிடம் அது இல்லாததால் பழையது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க வழியே இல்லை.

அடுத்த வருடம் செர்ரி பூக்கும்போது வாருங்கள் என்று அக்கா மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்குப் போன மாதம் மூட்டுவலிக்கு எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்ததும் பீரோவில் வைக்கப் போனேன், "அங்கே வேண்டாம், பாஸ்போர்ட்டோட வை" என்றார் அம்மா.