சுழற்சித் தொழில் மண்டலம்: வெற்று நிலமா, பழைய பேட்டையா, மாசுபட்ட மனையா?

ஓர் ஆலையின் கழிவை அடுத்த ஆலை மூலப்பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சுழற்சிப் பொருளாதார மண்டலத்தின் நோக்கம். இதற்கு நிலம் ஒதுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வெற்று நிலத்தில் புதிதாகத் தொடங்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்பேட்டையை மாற்றலாம், கைவிடப்பட்ட அல்லது மாசுபட்ட நிலத்தையோ கடலை நிரப்பியோ நிலம் மீட்கலாம்.

வெற்று நிலம்தான் திட்டமிடுபவர்களுக்குப் பிடித்தது. வரைபடத்தில் கோடு போட்டால் சாலை, குழாய், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் நேராக வந்து உட்காரும். ஆனால் பரிமாற்றத்துக்கு இரண்டு பேர் வேண்டுமே! நீராவி தர ஆலை இல்லாத இடத்துக்கு நீராவி வாங்குபவர் எதற்கு வரப் போகிறார்? வாங்குபவர் இல்லாத இடத்தில் தருபவர் ஏன் குழாய் போடுவார்? ஹாங்காங் அரசு தூன் முன் (Tuen Mun) என்ற பகுதியில் சுமார் 20 ஹெக்டேர் ஒதுக்கி மறுசுழற்சிப் பூங்கா அமைத்தது. தொடக்க ஆண்டுகளில் மனைகள் மெதுவாகத்தான் நிரம்பின. அரசுத் தணிக்கையே அதைக் குறை சொன்னது.

பழைய பேட்டைக்குச் சிறந்த சான்று டென்மார்க்கின் கலுண்ட்போர்க். அங்கே யாரும் முதலில் மண்டலம் என்று அறிவிக்கவில்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்ற, 1961-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏரி நீர் கொண்டுவந்தார்கள். 1972-இல் அந்த ஆலையின் உபரி எரிவாயு ஜிப்சம் பலகை ஆலைக்குப் போனது. 1980-களில் அனல்மின் நிலையத்தின் நீராவி பக்கத்து ஆலைகளுக்குப் போகத் தொடங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனி வியாபார ஒப்பந்தம். லாபம் இருந்ததால் நிலைத்தது.

இதிலும் ஒரு பொறி உண்டு. அந்த மின் நிலையம் நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறியபோது, நிலக்கரிப் புகையைச் சுத்தப்படுத்துகையில் கிடைத்த ஜிப்சமும் நின்றுபோனது. சுற்றுச்சூழலுக்கு நல்ல முடிவுதான், ஆனால் அந்த ஜிப்சத்தை நம்பியிருந்த பலகை ஆலை வேறு வழி தேட வேண்டும். ஒரே பெரிய ஆலையைச் சுற்றி மண்டலம் கட்டினால் இந்த ஆபத்து கூடவே வரும். பழைய பேட்டைகளில் இடமும் நெருக்கடி. புதிய குழாய்க்குத் தோண்ட ஏற்கெனவே இருக்கும் ஐந்தாறு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

மீட்ட நிலம் கொஞ்சம் வேறு ரகம். ஜப்பானின் கிதாக்யூஷூ நகரம் கடலை நிரப்பி உருவாக்கிய நிலத்தில் தன் சூழல் நகரத் திட்டத்தை 1997-இல் தொடங்கியது. பிளாஸ்டிக் (PET) பாட்டில், வாகனம், வீட்டு மின்சாதனம் பிரிக்கும் ஆலைகள் அங்கே சேர்ந்தன. இரைச்சலும் தூசியும் நிறைந்த இந்த வேலைக்கு வீடுகளிலிருந்து விலகிய இடம் வசதி. அமெரிக்காவின் டெவன்ஸில் 1996-இல் மூடப்பட்ட ராணுவத் தளத்தைத் தொழில் பகுதியாக மாற்றினார்கள். ஆனால் அங்கே மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்யும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. அந்தச் செலவு யாருடையது என்று எழுதி முடிக்காமல் மனை விற்றால், பிறகு நீதிமன்றம்தான்.

சரி, எதைத் தேர்வது? எந்தக் கழிவு இடம் மாறப் போகிறது என்பதைப் பொறுத்தது என்பேன். நீராவி, வெந்நீர், கழிவுச் சேறு இவற்றைத் தொலைவுக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது. எனவே பழைய பேட்டையும் அதை ஒட்டிய நிலமும்தான் சரி. செம்பு, அலுமினியம், மின்னணுச் சர்க்யூட் பலகை போன்ற விலையுள்ள கழிவு எவ்வளவு தூரமும் பயணிக்கும். அதற்கு மீட்ட நிலம் போதும், துறைமுகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வெற்று நிலத்தை, தொடக்கத்திலேயே பெரிய ஆலை ஒன்று கையெழுத்துப் போட்டால் மட்டும் எடுப்பேன்.

எந்த நிலமானாலும், ஒதுக்கீட்டு ஆணையில் குழாய்ப் பாதைக்கான பட்டை ஒன்றை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். மனைகளை ஒட்ட ஒட்ட விற்றுவிட்டு அப்புறம் அந்தப் பட்டையைத் திரும்ப வாங்குவது மிகவும் செலவு பிடிக்கும் வேலை.