அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கிளம்பறவங்க ரூமுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்துல புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவுக்கும், அதோட கூடற குதிரைச் சந்தைக்கும் போறவங்களுக்காக எழுதறேன். என்னோட 7,200 ரூபாய் போயிருச்சு. எழுதறப்பவே கை நடுங்குது.

சந்தை நாள்ல அந்தியூர்ல ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பு. தங்கற இடம் பிடிச்சுத் தர்ற ஒரு செயலியில தேடினேன். கொஞ்ச நேரத்துல அவங்களே கூப்பிட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாதுன்னு சொன்னேன். "அம்மாவுக்குக் கீழயே போட்டுத் தர்றனுங்ண்ணா. புதுப்பாளையம் சந்தை நடந்து போற தூரந்தானுங்க. குதிரையாட்டம் பாத்துப்போட்டு மத்தியானம் வந்து படுத்துக்கட்டும்"னு அந்தப் பையன் சொன்னான். அச்சு அசல் நம்மூர்ப் பேச்சு. அந்த "அம்மாவுக்கு"ங்கற வார்த்தையிலதான் நம்பினேன். ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி, முழுப் பணமும் இப்பவே கட்டணும்னான். 7,200 ரூபாய் அனுப்பினேன்.

திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கின சந்தைன்னு தாத்தா சொல்லக் கேட்டு வளந்தவங்க எங்கம்மா. மார்வாரி, காத்தியவாரி குதிரைக, பர்கூர் செம்மறை மாடுகன்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாங்க. அந்தப் பையன் சொன்ன லாட்ஜுக்குப் போனா, அங்க இருந்தவங்க நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "உங்க பேர்ல எதுவுமே இல்லீங்களே. அந்தச் செயலிக்கு நாங்க ரூமே குடுக்கறதில்லீங்க"ன்னுட்டாங்க. அம்மா வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க.

அந்தப் பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். வாடிக்கையாளர் சேவையில ஒருத்தர் "லாட்ஜ்ல கேளுங்க"ன்னார். "லாட்ஜ்லயே நின்னுதான் பேசறேன்"னேன், லைன் கட். அடுத்து எடுத்த பொண்ணு "24 மணி நேரத்துல பதில் வரும் சார்"னாங்க. வந்த பதில் என்ன தெரியுமா? "நீங்கள் வராததால் பணம் திரும்பக் கிடைக்காது." வயசான அம்மாவோட வாசல்ல நின்னவன் வரலையாம்! லாட்ஜ் வாசல்ல எடுத்த போட்டோவை அனுப்பினேன். அதுக்கு இன்னும் பதிலே இல்லை. மேளத்துக்கு ஆடற குதிரையை அம்மா கண்ணுல காட்டாமலே ராத்திரியோட ராத்திரியா திரும்பினோம். அதுக்கு யாரு பதில் சொல்றது?

போறவங்க லாட்ஜுக்கே நேரா போன் பண்ணிக் கேளுங்க. முழுப் பணம் முன்னாடியே கேட்டா விட்டுருங்க. பவானியிலயோ ஈரோட்டுலயோ தங்கிட்டு பஸ்ல போங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிடுங்க, பேங்குக்கும் சொல்லுங்க. நானும் புகார் குடுத்திருக்கேன். 7,200 ரூபாயை விடறதா இல்லை. இதே மாதிரி ஏமாந்தவங்க இருந்தா சொல்லுங்க, சேந்தே போய்க் கேக்கலாம்.